ஈத் சீரோ

கோப்பு இருக்கிறது.
பட்டியல் கேட்டால் வருகிறது:
அளவு, திகதி, ஓடலாம் என்ற அனுமதி,
எல்லாம் பச்சை எழுத்தில்.
ஓடு என்றால்
அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது லினக்ஸ்.

மருதமுனை. இரவு பதினொன்று இருபது.
மேசை விசிறியைக் கணினிப் பெட்டிக்குத் திருப்பிவிட்டு
நான் வேர்த்துக்கொண்டிருக்கிறேன்.
நாற்பத்தொரு ஜீபி சிப் வரையும் மென்பொருள்,
ஒலுவிலிலிருந்து பஸ்ஸில் வந்தது,
கிரிஷாந்தினியின் ஹாட் டிஸ்க்கில்,
மழைக்குப் பயந்து
இரண்டு சொப்பிங் பைக்குள் சுற்றி.

மூன்று இரவுக்குப் பிறகு விளங்கியது.
இல்லாதது அந்தக் கோப்பு அல்ல,
அது கண் விழித்ததும் முதலில் கூப்பிடுகிற
வேறொரு கோப்பு.
கூப்பிட்டதற்கு ஆள் வராவிட்டால்
கூப்பிட்டவரையே இல்லை என்று
எழுதிவிடுகிறது இந்த அலுவலகம்.

காணாமல்போன பெயரில் ஓர் இணைப்புப் போட்டேன்,
இருக்கிற ஒருவன்
இல்லாதவனுக்காக 'ஓம்' என்று சொல்லும்படி.
ஓடியது.
ஓடி, உரிமத்தில் போய் முட்டியது.

"ஈத் சீரோ எங்கே?"

சத்தமாக வாசித்துவிட்டேன் போல.
பாயில் கிடந்த தம்பி ஸிம்ஹான் தலை தூக்கி
"ஈத்தா? பெருநாள் போய் ரெண்டு மாசமாகுது" என்றான்.
திரும்பிப் படுத்துவிட்டான்.

ஈத் சீரோ ஒரு பழைய பெயர்.
வலைப்பின்னல் அட்டை எதுவானாலும்
முதலாவது என்றால் முன்பு அப்படித்தான் கூப்பிட்டார்கள்.
இப்போது செருகிய துளையைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள்,
நீளமாய், வாயில் நுழையாமல்.
அட்டை அதே அட்டை.
அதில் பொறித்த பன்னிரண்டு குறிகளும் அதே குறிகள்.
உரிமம் மட்டும்
பழைய வாசலில் போய்த் தட்டிக்கொண்டு நிற்கிறது.

எங்களுக்கும் ஒரு பழைய வாசல் இருந்தது,
கடற்கரை வீதி, பதினாலின் கீழ் சி.
கடல் வந்தபோது எனக்கு ஒன்றரை வயது.
ஒன்றும் நினைவில்லை.
இப்போது வீட்டுத்திட்டம், பீ புளொக், ஏழு.
வாப்பாவுக்கு வங்கி இன்னும்
பதினாலின் கீழ் சிக்குத்தான் எழுதுகிறது.
அங்கே மணலும் ஒரு தோணியும்.
தபால்கார ஜௌபர் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புவதே இல்லை,
நேரே எங்கள் படியேறி வருகிறார்.

இந்தப் பெட்டிக்குள் ஜௌபர் இல்லை.
ஆகவே எழுதினேன், ஒரே ஒரு வரி:
இந்தப் பன்னிரண்டு குறிகளோடு யார் வந்தாலும்
அவர் பெயர் ஈத் சீரோ.

மீளத் தொடக்கினேன்.
பாதியில் கரண்ட் போனது.
வந்தது.
திரும்பவும் தொடக்கினேன்.

ஜன்னல் திறந்தது!
எழுத்துரு கிடைக்காமல் மெனுவெல்லாம் வெறும் சதுரங்கள்,
பரவாயில்லை, எந்தச் சதுரம் எதுவென்று எனக்குத் தெரியும்.
கறுப்புத் திரையில் சிவப்பு, நீலம், பச்சை,
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கோடுகள்.
மருதமுனைக்காரி என்பதால்
இங்கே தறியை இழுப்பேன் என்று பார்க்காதீர்கள்.
இது நெசவு இல்லை.
இரண்டு டிரான்சிஸ்டர்.
ஒன்றைக் கொடுத்தால் பூச்சியம் தரும்,
பூச்சியத்தைக் கொடுத்தால் ஒன்று.
மூன்று இரவு 'இல்லை' என்ற பெட்டிக்குள்
இல்லை சொல்லும் சுற்று ஒன்றை
நானே வரைந்தேன்.

விதி சரிபார்த்தது. ஒரு பிழை.
உலோகமும் உலோகமும் கிட்ட இருக்கின்றனவாம்,
இடையில் அறுபத்தைந்து நானோமீற்றர் விடவேண்டுமாம்.

அறுபத்தைந்து.
எங்களையும் கடலிலிருந்து அவ்வளவுதான் தள்ளினார்கள்,
மீற்றரில்.
முதலில் இருநூறு என்றார்களாம்,
பிறகு குறைத்தார்களாம்,
உம்மா சொல்வா.
இது முதலிலேயே சரியான இலக்கத்தைச் சொல்கிறது.

அம்புக்குறியை இரண்டு தரம் அழுத்தினேன்.
உலோகம் தள்ளிப்போனது.
ஒருவரும் படிவம் நிரப்பவில்லை.

சேமித்தேன். ஒன்று நாற்பது.
விசிறியைத் தம்பியின் பக்கம் திருப்பிவிட்டேன்.